முட்டுக்காட்டில் தாங்கிய போர்டு கோவளத்தில் ஏன் கவிழ்த்தது? அலைக்கான பேடில்போர்டின் கணக்கு

‘ஆல்-ரவுண்ட்’ என்று விற்கப்படும் பேடில்போர்டு உண்மையிலேயே எல்லாத் தண்ணீருக்கும் ஆகுமா? அகலத்தில் 3 இன்ச் குறைந்தால் என்ன நடக்கும்? உள்ளே இருக்கும் தெர்மகோலில் இருந்து காலில் கட்டும் லீஷ் வரை ஒரு விளக்கம்.

கடந்த ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை, ஈசிஆரில் முட்டுக்காடு கழிமுகம். வாடகைக்கு எடுத்த, காற்றடிக்கும் பேடில்போர்டு. ஒரு மணி நேரம் நின்றபடியே துடுப்பு போட்டேன். ஒருமுறைகூட விழவில்லை. ‘அவ்ளோதான், வந்துடுச்சு’ என்று ஒரு தெம்பு. அதே போர்டைக் காரின் மேல் கட்டிக்கொண்டு, சில கிலோமீட்டர் தெற்கே இருக்கும் கோவளம் கடற்கரைக்குப் போனோம்.

முதல் அலையிலேயே போர்டின் மூக்கு தண்ணீருக்குள் குத்தியது. நான் ஒரு பக்கம், துடுப்பு ஒரு பக்கம். அலை போர்டைக் கரைப்பக்கம் வீசியது. இடுப்பளவு தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு பையனின் தலைக்கு ஒரு முழம் தள்ளி அது போய் விழுந்தது. பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தப்பு என்னுடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த போர்டின் மேல் ‘ஆல்-ரவுண்ட்’ என்று அச்சிட்டிருந்தது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கடலுக்குள் போனேன். அது எவ்வளவு உண்மை என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை.

இப்போ எதுக்கு இந்தப் பேச்சு?

இந்தியாவில் அலை விளையாட்டு மெதுவாகச் செய்தியாகிக்கொண்டிருக்கிறது. 2024 மார்ச்சில் மங்களூரு அருகே சசிஹித்லு கடற்கரையில் நடந்த ‘இந்தியா பேடில் ஃபெஸ்டிவல்’ வழியாக, ஸ்டாண்ட்-அப் பேடில்போர்டுக்கான ஏபிபி உலகச் சுற்று முதல் முறையாக இந்தியாவுக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் ஆடவர் பிரிவில் வெண்கலம் வென்றார். 2026-இல் ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் நடக்கும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சர்ஃபிங் முதல் முறையாக இடம்பெறுகிறது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு வார இறுதியில் கடலுக்குக் கிளம்பும் கூட்டம் இருக்கிறது. அதில் பலர் முதலில் ஏறுவது சர்ஃப்போர்டில் அல்ல, பேடில்போர்டில். காரணம் எளிது: படுத்துக் கையால் நீந்த வேண்டாம், நின்றுகொண்டே துடுப்பு போட்டால் போதும். ஆன்லைனில் தேடினால் முதலில் கண்ணில் படுவதும் மடித்துப் பையில் வைக்கும் காற்றடி போர்டுதான். அமைதியான தண்ணீருக்கு அது அருமையான சாமான். பிரச்னை, நம் கடற்கரையின் பெரும்பகுதி அமைதியான தண்ணீர் இல்லை என்பதுதான். வங்கக்கடல் அலை நேராக மணலில் வந்து உடைகிறது.

இது படகா, பலகையா?

வேடிக்கையான கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் இது நீதிமன்றம் வரை போன கேள்வி.

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹவாயின் வைக்கிகி கடற்கரையில் சர்ஃபிங் கற்றுக்கொடுத்த ‘பீச் பாய்ஸ்’ சிலர், நீண்ட பலகைகளில் நின்றபடி துடுப்பு போட்டார்கள். நின்றால் மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியும், வரும் அலையும் முன்கூட்டியே தெரியும். பிறகு அந்தப் பழக்கம் தேய்ந்தது. 2000-களில் லெயர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்ற ஹவாய் சர்ஃபர்கள் அதை மீண்டும் பிரபலமாக்கினார்கள். அங்கிருந்து அது இரண்டு கிளையாகப் பிரிந்தது. ஒன்று ஏரி, ஆறு, கழிமுகம் என்று சமதண்ணீரில் பயணமும் பந்தயமும். இன்னொன்று அலையில் சறுக்குவது.

இதை யார் நிர்வகிப்பது என்று ஐஎஸ்ஏ எனப்படும் சர்வதேச சர்ஃபிங் சங்கத்துக்கும், ஐசிஎஃப் எனப்படும் சர்வதேச படகோட்டக் கூட்டமைப்புக்கும் இடையே பல ஆண்டு சண்டை. துடுப்பு இருப்பதால் படகு என்றது ஒரு தரப்பு. சர்ஃபிங்கில் பிறந்ததால் பலகை என்றது இன்னொரு தரப்பு. சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம், ஒலிம்பிக் மட்டத்தில் நிர்வாகம் ஐஎஸ்ஏவுக்கே என்று 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஆனால் ஐசிஎஃப் தன் சொந்த உலகப் போட்டியை இன்றும் நடத்துகிறது. ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு இன்னும் இல்லை. 2019 லிமா பான்-அமெரிக்க விளையாட்டில் அலைப் பிரிவும் பந்தயப் பிரிவும் தனித்தனிப் பதக்கங்களோடு இடம்பெற்றன.

இந்தச் சண்டை நமக்குச் சொல்வது ஒன்றுதான். பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் இரண்டு. பந்தய போர்டு 14 அடி நீளம், படகு மாதிரி கூர்மூக்கோடு தண்ணீரைக் கிழித்து நேராகப் போகும். அலை போர்டு பெரும்பாலும் 9 அடிக்குள்தான், அலையின் சரிவில் வளைந்து திரும்பும். ‘ஆல்-ரவுண்ட்’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதுவும் சமதண்ணீர்ப் பக்கமே அதிகம் சாய்ந்து நிற்கிறது.

ஒரே போர்டுக்கு இரண்டு வேலை

சாதாரண சர்ஃபர் அலைக்காகக் காத்திருக்கும்போது போர்டில் உட்கார்ந்திருப்பார், அல்லது படுத்திருப்பார். பாதி உடம்பு தண்ணீருக்குள். அவருடைய போர்டின் கொள்ளளவு 30 லிட்டர் இருந்தாலே போதும். அது அவரை நிற்கவைத்துத் தாங்க வேண்டிய அவசியமே இல்லை. அலை தள்ளி வேகம் வந்த பிறகுதான் அவர் எழுந்து நிற்பார்.

பேடில்போர்டுக்காரர் காத்திருக்கும்போதும் நிற்க வேண்டும். இங்கேதான் வடிவமைப்பாளருக்குத் தலைவலி. போர்டு அசையாமல் நிற்கும்போது உங்களை முழுசாக மிதக்கவைக்க வேண்டும். அதற்கு அகலமும் கனமும் வேண்டும். அலையில் ஓடும்போது சட்டென்று திரும்ப வேண்டும். அதற்கு ஒல்லியும் குட்டையும் வேண்டும்.

வேகம் வந்துவிட்டால் கதையே வேறு. தண்ணீர் போர்டை மேலே தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். மணிக்கு 5 கிலோமீட்டரில் இருந்து 15 கிலோமீட்டருக்குப் போனால் அந்த விசை 9 மடங்கு. அதனால் அலையில் ஓடும் அந்தப் பத்து வினாடிக்குப் போர்டின் கொள்ளளவு பெரிதாகத் தேவையில்லை. மீதி நேரம் முழுக்கத் தேவை. அலைக்கான பேடில்போர்டு என்பது இந்த இரண்டு தேவைகளுக்கும் இடையே நடக்கும் பேரம்.

3 இன்ச்சின் விலை என்ன?

இரண்டு போர்டுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவுகள்தான்.

முதலாவது, ஆல்-ரவுண்ட்: நீளம் 10 அடி 6 இன்ச், அகலம் 32 இன்ச், கொள்ளளவு 180 லிட்டர், எடை 10 கிலோ.

இரண்டாவது, அலை போர்டு: நீளம் 8 அடி 6 இன்ச், அகலம் 29 இன்ச், கொள்ளளவு 115 லிட்டர், எடை 7 கிலோ.

அகலத்தில் வித்தியாசம் வெறும் 3 இன்ச், அதாவது 9 சதவீதம் சொச்சம். ‘இதுல என்ன இருக்கு?’ என்று தோன்றும். ஆனால் மிதக்கும் பொருள் பக்கவாட்டில் சாயாமல் நிற்கும் திறன் அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது. இது கப்பல் கட்டுபவர்களுக்குப் பழக்கமான விதி. 29-ஐ 32-ஆல் வகுத்து மும்மடி எடுத்தால் 0.74. அதாவது 3 இன்ச் குறைத்ததில் கால்வாசி நிலைத்தன்மை காலி. நீளமும் குறைந்திருப்பதால் அதையும் பெருக்க வேண்டும்: 0.60. இரண்டு போர்டுக்கும் ஒரே மாதிரி உருவம் என்று வைத்துக்கொண்டால், அலை போர்டில் 40 சதவீத நிலைத்தன்மை போய்விட்டது.

சரி, பதிலுக்கு என்ன கிடைத்தது? நீளமான ஏணியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் திரும்பியவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு பொருளைச் சுழற்றத் தேவைப்படும் முயற்சி அதன் எடையோடும் நீளத்தின் வர்க்கத்தோடும் கூடும். நம் இரண்டு போர்டுகளுக்கு அந்த விகிதம் 0.46. அதாவது அலை போர்டைத் திருப்ப, பழைய முயற்சியில் பாதிகூட வேண்டாம்.

இதுதான் பேரத்தின் சாரம்: 40 சதவீத நிலைத்தன்மையைக் கொடுத்து, திருப்பும் பாரத்தில் 54 சதவீதத்தைக் குறைத்துக்கொள்கிறீர்கள். நிற்கவே தடுமாறும் புதியவருக்கு இது நஷ்ட வியாபாரம். நிற்கப் பழகியவருக்கு லாபம். இது தோராயக் கணக்குதான், உண்மையான போர்டில் வளைவும் விளிம்பும் சேர்ந்து எண்களைக் கொஞ்சம் மாற்றும். ஆனால் திசை மாறாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அசையாத தண்ணீரில் இந்த ஒல்லி போர்டு தானாக உங்களைத் தாங்கி நிறுத்தாது. உங்கள் கணுக்காலும் துடுப்பும்தான் நிறுத்துகின்றன. அனுபவசாலிகள் காத்திருக்கும்போதுகூடத் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றியபடியே இருப்பது சும்மா இல்லை. அது அவர்களுக்கு மூன்றாவது கால்.

உங்க எடைக்கு எத்தனை லிட்டர்?

விளம்பரங்களில் ‘150 கிலோ வரை தாங்கும்’ என்று போட்டிருப்பார்கள். சமதண்ணீரில் அது பயனுள்ள தகவல். அலையில் அது கிட்டத்தட்டத் தவறான கேள்விக்கான பதில்.

75 கிலோ எடையுள்ளவர் 7 கிலோ அலை போர்டில் நிற்கிறார். நனைந்த உடை, துடுப்பு எல்லாம் 2 கிலோ. மொத்தம் 84 கிலோ. கடல் தண்ணீர் லிட்டருக்கு 1.025 கிலோ என்பதால், மிதக்க 82 லிட்டர் வேண்டும். போர்டில் 115 லிட்டர் இருக்கிறது. தண்ணீருக்கு மேலே மிஞ்சுவது 33 லிட்டர். இதையே ஆல்-ரவுண்டுக்குப் போட்டால் மிஞ்சுவது 95 லிட்டர்.

மிஞ்சினால் நல்லதுதானே என்று கேட்கலாம். அலையில் இல்லை. போர்டைத் திருப்ப அதன் ஒரு பக்க விளிம்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்த வேண்டும். அந்த 95 லிட்டர் காற்று அதை எதிர்த்துத் தள்ளும். காலி வாட்டர் கேனைத் தொட்டிக்குள் அமிழ்த்திப் பார்த்தவர்களுக்கு அந்த எதிர்ப்பு தெரியும்.

அதனால்தான் அலை போர்டு வாங்குபவர்கள் ‘கிலோவுக்கு எத்தனை லிட்டர்’ என்று பார்க்கிறார்கள். பொதுவான கைக்கணக்கு இது: அலைக்குப் புதியவர் என்றால் கிலோவுக்கு 2 லிட்டர் பக்கம், ஓரளவு பழகியவர் 1.5 பக்கம், கைதேர்ந்தவர் அதற்கும் கீழே. நம் 75 கிலோ நண்பருக்கு 115 லிட்டர் போர்டு கிலோவுக்கு 1.5 லிட்டர். பொருத்தம்தான்.

இதே 180 லிட்டர் போர்டில் 45 கிலோ எடையுள்ள ஒரு பள்ளி மாணவர் ஏறினால்? கிலோவுக்கு 4 லிட்டர். விழ மாட்டார், ஆனால் திருப்பவும் முடியாது. அப்பாவோட சைக்கிளில் குரங்கு பெடல் போடுற மாதிரிதான். ஓட்டக் கத்துக்கலாம், வளைச்சுத் திருப்ப முடியாது. இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவோம்.

மூக்கு ஏன் மேலே வளைகிறது?

போர்டைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். முன்னும் பின்னும் வாழைப்பழம் மாதிரி லேசாக மேலே வளைந்திருக்கும். இந்த வளைவுக்கு ‘ராக்கர்’ என்று பெயர். சமதண்ணீர் போர்டில் இது குறைவு, ஏனென்றால் தட்டையாக இருந்தால்தான் வேகம். அலை போர்டில் அதிகம்.

காரணம் அலையின் உருவம். ஒரு மீட்டர் உயர அலை ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். அந்த ஆழத்தில் அலையின் வேகம் மணிக்கு சுமார் 13 கிலோமீட்டர். சாதாரண ஆள் துடுப்பு போட்டால் 5, 6 கிலோமீட்டர் வரும். மீதியை அலையின் சரிவில் கீழே விழும் புவியீர்ப்புதான் கொடுக்கிறது. நீளமான போர்டு நன்றாக வழுக்கும் என்பதால் சரிவு லேசாக இருக்கும்போதே அலையைப் பிடித்துவிடும். குட்டை போர்டு அலை செங்குத்தாகும்வரை காத்திருக்க வேண்டும். அந்தச் செங்குத்தான சரிவில் 10 அடி தட்டைப் பலகை இறங்கினால், வால் அலையின் உச்சியிலும் மூக்கு பள்ளத்திலும் மாட்டும். மூக்கு குத்தும். கோவளத்தில் எனக்கு நடந்தது அதுதான்.

இதற்குத் தீர்வு ஹவாயில் மட்டும் கண்டுபிடிக்கப்பட்டதில்லை. நம் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பாருங்கள். முன்பக்கத்தை மீனவர்கள் ‘அணியம்’ என்பார்கள். அந்த அணியத்து மரங்கள் மேல்நோக்கி எழும்பியிருக்கும். அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போகவும், திரும்பி வரும்போது அலையோடு சேர்ந்து கரையேறவும் அந்த எழுச்சி உதவியது. துடுப்போடு மரத்தின் மேல் அலையைக் கடப்பது இந்தக் கரைக்குப் புதிதில்லை. ஃபைபர் படகுகள் வந்த பிறகு கட்டுமரங்கள் குறைந்தன, ஆனால் அதன் வடிவத்தில் இருக்கும் அறிவு அதே அலையில் கற்றதுதான்.

ராக்கருக்கும் விலை உண்டு. வளைவு கூடக்கூட போர்டு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும், வேகம் குறையும். அதனால் நல்ல அலை போர்டில் நடுப்பகுதி தட்டையாகவும், மூக்கும் வாலும் மட்டும் வளைந்தும் இருக்கும்.

விளிம்பு, வால்: ஒரு ஸ்பூன் சோதனை

வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு, ஒரு ஸ்பூனின் முதுகுப்பக்கத்தை மெதுவாகத் தண்ணீர்த் தாரையில் தொடவையுங்கள். தண்ணீர் ஸ்பூனைத் தள்ளாது, உள்ளே இழுக்கும். உருண்டையான பரப்பில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு வளைந்து போகும். கூர்மையான ஓரத்தில் அப்படி ஒட்டாமல் பிரிந்துவிடும்.

போர்டின் விளிம்புக்கு ‘ரெயில்’ என்று பெயர். முன்பாதியில் ரெயில் உருண்டையாக இருந்தால் தண்ணீர் ஒட்டி, போர்டு அலையின் சுவரைப் பிடித்துக்கொள்ளும். பின்பாதியில் கீழ்ப்பக்க ஓரம் கூர்மையாக இருந்தால் தண்ணீர் விட்டுப் பிரிந்து போர்டுக்கு வேகம் கிடைக்கும். முன்னால் பிடிப்பு, பின்னால் விடுப்பு. அலை போர்டின் தரம் பெரும்பாலும் இந்த ஓரத்தில்தான் தெரியும்.

காற்றடி போர்டு இங்கேதான் தோற்கிறது. இரண்டு துணி அடுக்குகளை ஆயிரக்கணக்கான நூல்களால் இணைத்து, கார் டயரில் அடிப்பதில் ஏறக்குறைய பாதி அழுத்தத்தில், அதாவது 15 பிஎஸ்ஐ பக்கம் காற்றடித்து அதை விறைப்பாக்குகிறார்கள். பொறியியலாக அது அபாரம். ஆனால் அதன் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றுதான், பெரும்பாலும் 5 அல்லது 6 இன்ச். ஓரம் முழுக்க உருண்டை. நடுவில் 4 இன்ச், ஓரத்தில் மெலிவு, வாலில் கூர்மை என்று அதைச் செதுக்க முடியாது. வாலின் ஓரத்தில் பிளாஸ்டிக் பட்டை ஒட்டிச் சமாளிக்கும் மாடல்கள் உண்டு. என்றாலும் அலையின் வேகத்தில் நடுவில் லேசாக நெளியும்.

வாலின் அகலமும் முக்கியம். அகலமான வால் சின்ன, வலுவில்லாத அலையிலும் மிதந்து ஓடும். ஒடுங்கிய வால் பெரிய அலையில் தண்ணீருக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். கிழக்குக் கடற்கரையின் சாதாரண நாள் அலைக்கு அகல வால்தான் தோது.

அடியில் இருக்கும் ஃபின் பற்றிச் சுருக்கமாக. 1935-இல் டாம் பிளேக் என்ற அமெரிக்கர் போர்டின் அடியில் முதல் ஃபின்னைப் பொருத்தினார். 1981-இல் ஆஸ்திரேலியர் சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் போர்டில் பெரிய போட்டிகளை வென்று சர்ஃபிங்கையே மாற்றினார். சமதண்ணீருக்கு நடுவில் ஒரே பெரிய ஃபின் போதும், நேராகப் போகும். அலையில் திரும்ப, பக்கவாட்டு ஃபின்கள் வேண்டும். வாங்கும் போர்டில் பக்க ஃபின்களுக்கு இடமே இல்லையென்றால், அது எந்தத் தண்ணீருக்குச் செய்யப்பட்டது என்பதற்கு அதுவே பதில்.

உள்ளே இருப்பது நம்ம தெர்மகோல்தான்

பழைய சர்ஃப்போர்டுகளின் உள்ளே பாலியூரித்தேன் நுரை இருந்தது. அமெரிக்காவில் அதைப் பெருமளவில் தயாரித்த கிளார்க் ஃபோம் நிறுவனம் 2005 டிசம்பர் 5 அன்று திடீரென்று மூடப்பட்டது. போர்டு செய்பவர்கள் மாற்றுப் பொருளைத் தேட வேண்டியதாயிற்று. பேடில்போர்டு வளரத் தொடங்கியதும் அதே காலகட்டம்தான். இரண்டும் சேர்ந்து ஈபிஎஸ் நுரையை, அதாவது டிவி டப்பாவில் வரும் தெர்மகோலின் வலுவான ரகத்தை, முன்னுக்குக் கொண்டுவந்தன.

ஏன் என்பதற்கு ஒரு பெருக்கல் போதும். ஈபிஎஸ் கனமீட்டருக்கு 20 கிலோ என்று வைத்தால், 115 லிட்டர் போர்டின் நுரை எடை 2.3 கிலோ. பாலியூரித்தேன் 40 கிலோ என்றால் 4.6 கிலோ. 30 லிட்டர் சர்ஃப்போர்டில் இந்த வித்தியாசம் 600 கிராம்தான், யாரும் கவலைப்பட மாட்டார்கள். பேடில்போர்டில் அது 2 கிலோவைத் தாண்டிவிடும்.

ஆனால் பழைய பாலியெஸ்டர் பிசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மகோலைக் கரைத்துவிடும். அதனால் எப்பாக்ஸி பிசின் கட்டாயம். இன்னொரு சிக்கல் வெயில். தெர்மகோலின் பெரும்பகுதி காற்று. சூடானால் விரியும், மேல் ஓடு நுரையை விட்டுப் பிரியும். இதற்காகத்தான் இந்த போர்டுகளின் மேல் ‘வென்ட் பிளக்’ என்ற சின்னத் திருகு இருக்கும். கத்திரி வெயிலில் காரின் மேல் கட்டி ஈசிஆர் முழுக்க ஓட்டினால் போர்டு பாழாகலாம். விரிசல் விழுந்தால் உடனே தண்ணீரை விட்டு எடுத்துவிடுங்கள். ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை போதும், உள்ளே தண்ணீர் இறங்கி போர்டு கனக்கத் தொடங்கும்.

அந்தப் பையனுக்கும் எனக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்திருக்கணும்?

நான் போட்ட கணக்குகளில் என்னைத் தூங்கவிடாதது இதுதான். போர்டு 10 அடி 6 இன்ச். காலில் கட்டும் லீஷ் 10 அடி. நான் விழுந்தால் போர்டின் மறுமுனை என்னிடமிருந்து 20 அடி 6 இன்ச் வரை போகலாம். அதாவது 6 மீட்டருக்கு மேல். என்னைச் சுற்றி எல்லாத் திசையிலும் 6 மீட்டர். அந்த வட்டத்துக்குள் யாரும் இருந்திருக்கக் கூடாது. ஒரு பையன் இருந்தான்.

குட்டை போர்டும் 9 அடி லீஷும் என்றால் வட்டம் 5.3 மீட்டராகச் சுருங்கும். ஆபத்து போய்விடாது, ஆனால் போர்டின் எடையும் காற்று நிறைந்த பருமனும் குறைவதால் அலை அதைத் தூக்கி வீசுவதும் குறையும். லீஷ் கட்டாமல் போவது இதைவிட மோசம், போர்டு நேராகக் கரைக்குப் பாயும். அலையில் நேரான லீஷ்தான் வேண்டும். சமதண்ணீருக்கான சுருள் லீஷ் ஸ்பிரிங் மாதிரி போர்டை உங்கள் மேலேயே திருப்பி அடிக்கும்.

துடுப்புக்கும் இதே கதை. சமதண்ணீரில் தலைக்கு மேல் ஒரு சாண் உயரம் சரி. அலையில் முழங்கால் மடக்கித் தாழ்ந்து நிற்க வேண்டியிருப்பதால் நாலைந்து இன்ச் போதும்.

நாகரிகமும் ஒன்று உண்டு. நின்றுகொண்டிருப்பவருக்கு அலை முதலில் தெரியும், துடுப்பால் முதலில் பிடிக்கவும் முடியும். அதனால் எல்லா அலையையும் எடுத்துக்கொண்டால், படுத்து நீந்தும் சர்ஃபர்களுக்கு எதுவும் மிஞ்சாது. முடிகிறது என்பதற்காக எடுக்கக் கூடாது.

அப்போ எதை வாங்கலாம்?

முதலில், வாங்காதீர்கள். வாடகைக்கு எடுத்துப் பழகுங்கள். பிறகு கடைக்காரரிடம் இந்த ஐந்தைக் கேளுங்கள்.

1. மொத்தக் கொள்ளளவு எத்தனை லிட்டர்? என் எடையால் வகுத்தால் எவ்வளவு வருகிறது?

2. அகலம் எவ்வளவு? புதியவர் என்றால் 30 இன்ச்சுக்குக் கீழே அவசரப்பட்டுப் போக வேண்டாம்.

3. தரையில் வைத்தால் மூக்கு எவ்வளவு எழும்பி நிற்கிறது?

4. வாலின் அடி ஓரம் விரலுக்குக் கூர்மையாகத் தட்டுப்படுகிறதா, உருண்டையாக இருக்கிறதா?

5. பக்க ஃபின்களுக்கு இடம் இருக்கிறதா?

வார இறுதியில் முட்டுக்காடு, கேரளக் காயல் என்று போவதுதான் உங்கள் ஆசை என்றால், காற்றடி ஆல்-ரவுண்ட் போதும். சந்தோஷமாக வாங்குங்கள். அலைதான் வேண்டும் என்றால், கட்டியான போர்டு, கூடவே பயிற்சியாளர். இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு போர்டு வேண்டும். இதில் குறுக்குவழி இல்லை.

குரங்கு பெடலில் இருந்து பதக்கம் வரை

இது நம்மைப் போன்ற வார இறுதி ஆட்களின் பிரச்னை மட்டும் என்றால் இவ்வளவு எழுதத் தேவையில்லை.

தமிழ்நாட்டுக் கரையின் சர்ஃபர்களில் பலர் மீனவக் குடும்பங்களில் இருந்து வந்தவர்கள். கோவளத்தில் சர்ஃப் பள்ளியை உருவாக்கிய மூர்த்தி மேகவன் மீனவர்தான். அலையைப் படிக்க இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அவர்களுக்குக் குறைவது அவர்கள் எடைக்கும் திறமைக்கும் பொருந்தும் போர்டு. 45 கிலோ எடையுள்ள, ஓரளவு பழகிய ஒருவருக்கு 70 லிட்டர் பக்கம் போர்டு வேண்டும். அவர் 180 லிட்டரில் பழகினால், சர்வதேசப் போட்டியில் நடுவர்கள் மதிப்பெண் போடும் அந்த ஒரு விஷயத்தை, அதாவது அலையின் செங்குத்தான பகுதியில் வேகமாகத் திரும்புவதை, அவரால் பழகவே முடியாது. வளர வளர போர்டு மாற வேண்டும். காலணி மாதிரி.

பதக்கம் வந்ததும் பரிசுத்தொகை அறிவிப்பது நல்லதுதான். ஆனால் சர்ஃபிங்குக்கு ஒதுக்கும் பணத்தில் எத்தனை போர்டு, எந்த அளவில், எந்த வயதுப் பிள்ளைக்கு என்ற பட்டியலும் இருக்க வேண்டும். மைதானம் கட்டத் தேவையில்லாத விளையாட்டு இது. கடல் இலவசம், அலையும் இலவசம். செலவு முழுக்க அந்தப் பலகையில்தான்.

நான் மறுபடி கோவளம் போனேன். இந்த முறை 9 அடி, 31 இன்ச், கட்டியான போர்டு, கூடவே ஒரு பயிற்சியாளர் அண்ணன். முதல் ஒரு மணி நேரத்தில் பதினொரு முறை விழுந்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் துடுப்பை ஊன்றும் முன்னால் சுற்றிலும் ஆறு மீட்டர் பார்த்துக்கொண்டேன். யாரும் இல்லை.